பாட்டு வராத கேசட்டுகள்

ஏப்ரல் 16, புதன்

பிளஸ் ஒன் பரீட்சை முடிந்துவிட்டது. விடுமுறைக்குத் திருச்சியில் சுகுணா சித்தி வீடு. அம்மா ஒரு பை துணியும் ஒரு பை அறிவுரையும் கட்டிக் கொடுத்துப் புதுக்கோட்டையில் பஸ் ஏற்றிவிட்டாள். துணிப்பை பத்திரமாக வந்து சேர்ந்தது.

பஸ்ஸில் இடது வரிசை, ஜன்னலோரம். பக்கத்து ஆள் என் வலப்பக்கம் இருந்தால்தான் எனக்குப் பேச்சு ருசிக்கும். என் ராசி அப்படி.

சித்திக்கு ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆய்வகத்தில் வேலை. திசுவை மெழுகில் புதைத்து, தலைமுடியைவிட மெலிதாகச் சீவி, சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவார்.

"உன்னை வீட்டுல தனியா விட்டா வீட்டையே வாடகைக்கு விட்டுருவ. என்கூட லேபுக்கு வந்து பாட்டில் கழுவு. புரொபசர்கிட்ட கேட்டுட்டேன்."

"யாரோட திசு சித்தி?"

"வெள்ளைச் சுண்டெலி. நடுக்காது."

"எலி காதுல என்ன?"

"சீழ்."

ரசத்தில் உப்பு கம்மி என்று பேச்சை மாற்றினேன். ரசத்தில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 17, வியாழன்

இதை ஒரே ஒரு தடவை எழுதி மூடிவிடுகிறேன். இடது காது மறுபடி கசிகிறது. பரீட்சை சமயத்தில் ஆரம்பித்தது. காது ஜவ்வில் ஓட்டை இருக்கிறது என்று இரண்டு வருடம் முன்பே டாக்டர் சொல்லியிருந்தார். இனிமேல் கசிந்தால் உடனே வரவேண்டும், ஆபரேஷன் செய்யவேண்டும், சும்மா விட்டால் கேட்கிற சக்தி கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். அம்மாவிடம் நான் சொல்லவில்லை. வலி இல்லை. பஞ்சு இருக்கிறது. கேட்பதெல்லாம் கேட்கிறது.

கேட்காவிட்டால் அது என் சேட்டை என்று ஊருக்கே தெரியும். ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தி என்னை 'டமாரம்' என்று கூப்பிட்டாள். மறுநாளிலிருந்து நான் காது கேட்காத மாதிரி நடிக்க ஆரம்பித்தேன். டீச்சர் கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்புவேன். வகுப்பே உருண்டு சிரிக்கும். கேட்காதவள் டமாரம். கேட்காத மாதிரி நடிப்பவள் கில்லாடி.

என் பெயர் ரோகிணி. எல்லோரும் சுருக்கி 'ரோகி' என்பார்கள். நோயாளி என்று நேரடியாகச் சொல்லாமல் வடமொழியில் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

ஏப்ரல் 21, திங்கள்

ஜெசிந்தா அக்காவைப் பார்த்தேன். சித்தி சீவித் தருகிற காதுகளெல்லாம் இவருடைய ஆராய்ச்சிக்குத்தான். ஐந்து வருடமாக எலிக் காதுக்குள்ளேயே குடியிருக்கிறார். வெளியே வரும்போது வெயில் கூசுகிற மாதிரிக் கண்ணைச் சுருக்குகிறார்.

பழைய தகடுகளை நுண்ணோக்கியில் காட்டினார். ஐயோ, என்ன நிறம்! அதிகாலை வானத்தை யாரோ மடித்து உள்ளே வைத்த மாதிரி ரோஜாவும் கத்திரிப்பூவும். நல்ல காது என்பது ஒரு வெற்று மண்டபம். சுற்றிலும் எலும்புச் சுவர், நடுவில் காற்று. சுவருக்கு ஒரு நூல் தடிமனில் தோல். அதன்மேல் ஓரிடத்தில் பூனைமயிர் மாதிரி பொடி இழைகள்.

"இந்த இழையெல்லாம் ஒரே பக்கமா அசையும் ரோகி. உள்ள சேர்ற அழுக்கைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கிட்டே இருக்கும்."

அடுத்த தகடு, கிருமி புகுந்து மூன்றாம் நாள். மண்டபத்தில் கூட்டம். சீழணுக்கள் திருவிழாவுக்கு வந்த மாதிரி நெரிகின்றன. ஏழாம் நாள், நூலாக இருந்த தோல் மெத்தையாகிவிட்டது. பதினாலாம் நாள், மெத்தையிலிருந்து விரல் விரலாகத் திசு நீண்டு எதிர்ச் சுவரைத் தேடுகிறது. இழைகள் எங்கே என்று தேடினேன். காணோம்.

"நம்ம கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். எத்தனை நாள் வரைக்கும் விட்டா திசு பழையபடி திரும்பும், எந்த நாளைத் தாண்டினா திரும்பாது?"

"திரும்பலன்னா?"

"காத்து இருக்க வேண்டிய இடத்துல எலும்பு முளைக்க ஆரம்பிக்கும்."

"பட்டா யார் பேர்ல?" என்றேன்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய எலிகளில் கடைசிக் குழு இருபத்தெட்டாம் நாள் வரைக்குமாம். நான் சும்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பரீட்சையில் காது கசிந்த நாளிலிருந்து இன்று இருபத்தெட்டு.

ஏப்ரல் 22, செவ்வாய்

கனவு. அந்த ரோஜா மண்டபத்தில் செருப்பில்லாமல் நடக்கிறேன். காலுக்கடியில் இழைகள், இளநாற்று மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்கின்றன. எங்கிருந்தோ வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊறுகிறது. கணுக்கால், முழங்கால். சித்தி கரையில் நின்று வாயை அசைக்கிறார். அழகாக இருந்தது. எனக்குப் பயமே வரவில்லை, அதுதான் விசேஷம்.

எழுந்தபோது தலையணை உறையில் மஞ்சள் கறை. மாம்பழம் என்றேன். வீட்டில் மாம்பழமே வாங்கவில்லை. சித்தி அவசரத்தில் கவனிக்கவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

இன்று அக்காவின் இருபது சுண்டெலிகளையும் ஒரேயடியாகத் தூங்க வைத்தார்கள். அந்த அறைக்குள் எனக்கு அனுமதி இல்லை. காலையில் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி. ஒன்றன்மேல் ஒன்றாக மல்லிகை உதிர்ந்த மாதிரி கிடந்தன. ஒன்று மட்டும் இடப்பக்கம் தலையைச் சாய்த்தபடியே நடந்தது. அதே கண்ணாடியில் என் முகமும் தெரிந்தது. நானும் சாய்த்துக்கொண்டுதான் நின்றேன். நிமிர்ந்துகொண்டேன்.

செவிக்கும் எலிக்கும் சேவகம் செய்கிறேன். ஆகவே நான் செவிலி. சித்தியிடம் சொன்னேன். "போடி" என்றார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

சித்திக்கு வலது மணிக்கட்டு சுளுக்கு. "உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்ல, நீயே எழுது" என்று இருபது டப்பாக்களைத் தந்தார். தீப்பெட்டியில் பாதி, உடம்பெல்லாம் ஓட்டை, பிளாஸ்டிக். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு இடது காது. இதன் பெயர் கேசட். பாட்டு வராத கேசட். பாட்டுக் கேட்ட காதே கேசட்டுக்குள் போய்விட்டது, அப்புறம் பாட்டு எப்படி வரும்.

முன்பக்கச் சரிவில் எலியின் எண் எழுதவேண்டும். என் புது ஊதா மார்க்கரால் எழுதினேன். 'அழியாது' என்று அதன் உடம்பிலேயே போட்டிருக்கிறது. சினிமா டைட்டில் மாதிரி பளிச்சென்று இருந்தது. இவ்வளவு ஒழுங்காக நான் எதையுமே எழுதியதில்லை.

ஒழுங்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. பின்பக்கம் ஆளுக்கொரு முகம் வரைந்தேன். திட்டினால் அழித்துவிடலாம் என்று பென்சிலில். பட்டியல்:

1 மீசை, 2 மூக்குக்கண்ணாடி, 3 தலைப்பாகை, 4 கிரீடம், 5 இரட்டைச்சடை, 6 மூக்குத்தி, 7 தொப்பி, 8 கொட்டாவி, 9 சுருட்டு, 10 மாலை, 11 ஒற்றைப்பல், 12 பொட்டு, 13 கண்ணடி, 14 தாடி, 15 ஹெல்மெட், 16 அழுமூஞ்சி, 17 சுருட்டைமுடி, 18 விசில், 19 குடை, 20 நான்.

டப்பாக்களைத் தந்தபோது சித்தி என் இடப்பக்கம் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார், பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டார். காற்றை வெளியே தள்ளும் பெரிய விசிறி வேறு ஓடியது. கடல் மாதிரி ஒரு ஓசை, அதற்கு நடுவில் சித்தியின் உதடுகள். மூன்று தடவை தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் எம்.ஏ. இன்று பஞ்சு மூன்று முறை மாற்றினேன்.

மே 2, வெள்ளி

எலும்புக்குள் இருக்கும் சுண்ணாம்பு கரைந்தால்தான் காதைச் சீவ முடியுமாம். அதற்கென்று ஒரு கரைசல். மூடி போட்ட ஜாடியில் கூடையோடு கேசட்டுகள் அதில் ஊறுகின்றன. தினமும் பழசைக் கொட்டிப் புதுசு ஊற்றுவது என் வேலை. எழுத்து பளிச்சென்று இருக்கிறது. மார்க்கர் சொன்ன சொல் தவறாதது.

மே 6, செவ்வாய்

கரைசல் மாற்றினேன். பாட்டில் கழுவினேன். அம்மா போன். வலது காதில் வைத்துக்கொண்டு வலது கையால் சாதம் பிசைந்தேன். இடது காதுக்கு ஏன் மாற்றக்கூடாது என்று சித்தி கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு ஜோக் தயாராக இருந்தது.

மே 11, ஞாயிறு

மத்தியானம் இடப்பக்கத்தை மேலே வைத்து, வலது காதைத் தலையணையில் புதைத்துப் படுத்தேன். உலகம் அணைந்துவிட்டது. மிக்ஸி, காக்கை, பக்கத்து வீட்டுச் சண்டை எதுவுமில்லை. பஞ்சுமிட்டாய்க்குள் விழுந்த மாதிரி. சித்தி வந்து தோளைத் தொட்டு எழுப்பி உட்கார வைத்தார். "பத்து வாட்டி கூப்பிட்டேன், நடிக்கிறா பாரு!" என்று மண்டையில் ஒரு தட்டு.

நன்றாக நடிக்கிறேன் போலிருக்கிறது.

மே 16, வெள்ளி

ஊறல் முடிந்தது. சித்தி கூடையை அப்படியே தூக்கி மெஷினில் வைத்தார். இனி காதுகள் ஒவ்வொரு சாராய ஜாடியாக முங்கி, கடைசியில் மெழுகில் எழும். நாளைக் காலை தயார். "எலிக்குத் தண்ணி பார்ட்டி" என்றேன்.

மே 17, சனி

இருபது கேசட்டிலும் எழுத்து இல்லை. சுத்தமாக. முதல் ஜாடியில் சாராயம் லேசான ஊதா.

சித்தி கூடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "எதுலடி எழுதின?"

மார்க்கரைக் காட்டினேன்.

"பென்சில்லதானேடி எழுதச் சொன்னேன்? இங்க யாரும் பேனாவையே தொட மாட்டாங்க, சாராயத்துல போயிரும்னு மூணு வாட்டி சொன்னேனே! மூணு வாட்டியும் தலையாட்டினியே!"

ஜெசிந்தா அக்கா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் மீசையும் கிரீடமும் சிரித்துக்கொண்டிருந்தன. பென்சில் மட்டும் அப்படியே இருந்தது.

"இது என்ன படம்?" என்றார் சித்தி. "ஓ. அப்ப வேணும்னேதான் பண்ணியிருக்க. விளையாட்டு."

"ஆமா" என்றேன். "சும்மா... விளையாட்டுக்கு."

அது ஏன் என் வாயிலிருந்து வந்தது என்று எழுத இப்போது நேரமில்லை.

அக்கா கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். "இதுதான் கடைசி பேட்ச். இன்னும் இருபது எலிய சாகடிக்க அனுமதி கேக்க மாட்டேன். கேட்டாலும் கமிட்டில குடுக்க மாட்டாங்க."

"அக்கா, சீவிப் பாத்தாலே தெரியுமே? மெத்தையா இருந்தா ஏழாம் நாள்..."

"ஏழாம் நாள் மாதிரி இருக்குன்னு நானே ஏழுன்னு எழுதி, அப்புறம் ஏழாம் நாள்ல இப்படித்தான் இருக்கும்னு நானே சொல்றதா? அது ஆராய்ச்சி இல்ல ரோகி. விஷயம் புரியாமலே தலையாட்டுற மாதிரி."

வீட்டுக்கு வரும் வழியில் சித்தி என் இடப்பக்கம் நடந்தார். ஏதாவது திட்டினாரா, தெரியாது.

மே 18, ஞாயிறு

இந்த நோட்டில் பட்டியல் இருக்கிறது. ஏப்ரல் 29. மீசை ஒன்று, கண்ணாடி இரண்டு. முகம் தெரிந்தால் எண் தெரியும், எண் தெரிந்தால் எத்தனை நாள் என்பது அக்காவின் நோட்டில் இருக்கிறது.

அதே பக்கத்தின் கீழே கடல் ஓசையும் பஞ்சும் இருக்கின்றன.

புதுத்தாளில் பட்டியலை மட்டும் அழகாக எழுதினேன். முத்து முத்தாக. பென்சிலில்.

மே 19, திங்கள்

தாளைக் கொடுத்ததும் அக்கா முகத்தில் வெளிச்சம் வந்தது. அப்புறம் தாளைத் தூக்கிப் பார்த்தார். மடிப்புக்கூட இல்லாத தாள்.

"இதை எப்ப எழுதின?"

"நேத்து."

"எதைப் பாத்து?"

"...ஒரு நோட்டு."

"நகல் செல்லாது ரோகி." தன் ஆய்வு நோட்டைத் திறந்து காட்டினார். டீக்கறை, அடித்தல், ஓரத்தில் யாருக்கோ போன் நம்பர். எல்லாப் பக்கத்துக்கும் எண். "அன்னிக்கே எழுதினது வேணும், அழுக்கோட. ஒரு பக்கம் கிழிச்சிருந்தாலும் முழு நோட்டையும் யாரும் நம்ப மாட்டாங்க. இது விளையாட்டுக்குப் பண்ணினதுன்னா பட்டியலும் விளையாட்டாத்தானே இருக்கும்னு கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். பை மடியில். பைக்குள் நோட்டு. ஒரு எறும்பு படி ஏறுவதைப் பார்த்தேன். அது மேலே போய்ச் சேரும்வரை முடிவு செய்யவேண்டாம் என்று சொல்லிக்கொண்டேன். எறும்பு பாதியில் திரும்பிவிட்டது. நான் எழுந்தேன்.

ஏப்ரல் 29-ஐத் திறந்து அக்காவிடம் கொடுத்துவிட்டு, அறைக் கண்ணாடிக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். அக்கா விரலால் வரிவரியாகக் கீழே இறங்கினார். இருபது வரை வேகமாக. அப்புறம் விரல் மெதுவானது. அப்புறம் நின்றது. மேலே போய் மறுபடி இறங்கியது.

வெளியே வந்தார். என் இடப்பக்கம்தான் அவருக்கு வழி. சுற்றி வந்து வலப்பக்கம் உட்கார்ந்தார்.

"எத்தனை நாள்?"

பட்டா யார் பேரில் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"அம்பத்தாறு" என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து நோட்டைத் திருப்பித் தந்தார். சித்தியிடம் நானே சொன்னேன். திட்டுவார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நடிக்கிறான்னு மண்டையில தட்டினேனேடி."

"தட்டினது வலது பக்கம் சித்தி. அது நல்ல பக்கம்."

"உங்கம்மாவுக்கு நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நீங்களே சொல்லுங்க. அவ கத்துறது எனக்கு ரெண்டு காதுலயும் கேக்கும்."

மே 22, வியாழன்

காது பரிசோதனை. கண்ணாடிக் கூண்டு, தலையில் ஹெட்போன். சத்தம் கேட்டால் கை தூக்கவேண்டும். வலது முடிந்து இடது. நான் உற்சாகமாகத் தூக்கிக்கொண்டே இருந்தேன். சோதனை செய்த பெண் கதவைத் திறந்தார்.

"இப்ப நான் சத்தமே குடுக்கலையேம்மா."

பழக்க தோஷம். மறுபடி செய்தோம். கேட்டதற்கு மட்டும் கை தூக்குவது ரொம்பக் கஷ்டமான வேலை. பாதிக்கு மேல் கை மடியிலேயே கிடந்தது. எனக்குச் சொந்தமில்லாத கை மாதிரி.

காகிதத்தில் கோடு கீழே கீழே இறங்கியிருந்தது. புது ஜவ்வு ஒட்டலாம், உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறதென்று திறந்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். ஜூன் 9. அம்மா வந்துவிட்டாள். அறிவுரைப் பையைக் கொண்டுவரவில்லை. என் தலைமுடியை மட்டும் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

மே 28, புதன்

இருபது முகமும் இருபது எண்ணாகிவிட்டன. எலிக்கு எண்ணோடு படமும் போட்ட முதல் ஆராய்ச்சி இதுதான் என்று ஜெசிந்தா அக்கா சொன்னார். நடந்த தப்பை நடந்தபடியே ஆய்வேட்டில் எழுதுவாராம், மார்க்கர் உட்பட. என் பெயர் வராது. 'ஒரு உதவியாளர்' என்று வரும். எனக்குப் பதவி உயர்வு.

சித்தி எனக்காகவே முதலில் சீவியது இருபதாம் எண். என் முகம் போட்டது. அக்காவின் நோட்டைத் திறந்தோம். இருபத்தெட்டாம் நாள்.

குனிந்து பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தேன். அதே அதிகாலை நிறம். ஒரு பக்கச் சுவரில் தோல் இன்னும் மெத்தை. அதற்குள் ஓரிடத்தில் சின்னதாக, வெளிர் ரோஜாவில், புது எலும்பின் முனை. மறுபக்கம் போகப் போக மெத்தை இளைத்து இளைத்து நூலாகிவிட்டது. நூலின் நுனியில், தேடித் தேடி, ஒரு கொத்து இழை. ஒரே பக்கமாகச் சாய்ந்து.

"திரும்புதா அக்கா?"

"இது பாதி திரும்புது."

"அப்ப நான்?"

"எலி வேற, நீ வேற. எலியப் பாத்து உன் காதுக்கு நான் ஜோசியம் சொல்ல மாட்டேன்" என்றார் வலப்பக்கத்திலிருந்து. பிறகு மெதுவாக, "ஆனா நீ இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இரு" என்றார்.

பார்த்துக்கொண்டே இருந்தேன். கனவில் நான் நடந்த இடம் வரைக்கும் தெரிந்தது.

ஜூன் 8, ஞாயிறு

நாளைக்கு. கனவு வரட்டும் என்று மத்தியானமே படுத்துப் பார்த்தேன். வரவில்லை. கடல் மட்டும் வந்தது.

ஜூன் 9, திங்கள், காலை

பச்சை அங்கி. பட்டனெல்லாம் முதுகுப் பக்கம், தைத்தவர் என்னைவிடச் சேட்டைக்காரர். கூப்பிடும்வரை எழுதலாம் என்று நர்ஸ் அக்கா சொன்னார். நிஜச் செவிலி. என்னுடைய போலிப் பட்டத்தை மனதுக்குள் திருப்பிக் கொடுத்தேன்.

"எந்தக் காதும்மா?"

"இடது." இதைச் சத்தமாக, ஜோக் இல்லாமல், முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னது இதுதான் முதல் தடவை.

அவர் ஒரு மார்க்கரை எடுத்து என் இடது காதுக்குப் பின்னால் ஒரு குறி போட்டார். சில்லென்று இருந்தது. நிறம் பார்த்தேன். ஊதா.

"அக்கா! பேனாவா? உள்ள போனதும் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பீங்கல்ல? அழிஞ்சிரும். பென்சில் இல்லையா?"

நர்ஸ் அக்காவுக்குப் புரியவில்லை. "இது போகாதும்மா, இதுக்குன்னே உள்ள பேனா" என்றார்.

"அப்படித்தான் அதுலயும் எழுதியிருந்துச்சு."

இடப்பக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்த சித்தி எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, கட்டிலைச் சுற்றி வலப்பக்கம் வந்து போட்டு உட்கார்ந்தார். கைப்பையைத் துழாவி ஒரு பென்சிலை எடுத்தார். ஆய்வகப் பென்சில், கூர் சீவினது. என் கையைத் தன் மடிக்கு இழுத்து, உள்ளங்கையில் அழுத்தி அழுத்தி ஏதோ எழுதினார். தோலில் பென்சில் சரியாகப் பிடிக்கவில்லை. இருந்தாலும் தெரிந்தது. 20.

"இப்ப தொலையாது" என்றார்.

கேட்டது. தலையாட்டினேன்.